தரிப்பிடத்துக்கு வேடம் எதற்கு? மாத்தளையின் உல்லாச விடுதிகளும் வாகனங்கள் நிற்கும் இடங்களும்

தம்புள்ளையிலிருந்து சிகிரியா வரையிலும் கண்டலமக் குளத்தைச் சுற்றியும் விடுதி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கதையை முன்வைத்தே கட்டுகிறார்கள். ஒரு விடுதி தன்னைக் குளக்கரைக் கிராமம் என்கிறது. இன்னொன்று வயலும் சதுப்பும் என்கிறது. வேறொன்று சிகிரியாவில் மன்னன் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்காவை நினைவூட்டுகிறது. வரவேற்பு மண்டபம், நீச்சல் தடாகம், சாப்பாட்டு மண்டபம், பணியாளரின் உடை என்று எல்லாம் அந்தக் கதைக்குள் வந்துவிடுகின்றன. விருந்தினரை ஏற்றிவந்த வாகனம் மட்டும் வெளியே நிற்கிறது. வானும் பஸ்ஸும் நிற்கும் இடமும் விடுதியின் கதைக்கு ஏற்ற வேடம் பூண வேண்டுமா, வெறும் தரிப்பிடமாகவே இருந்துவிடலாமா? கட்டடக் கலைஞர்கள் பல நாடுகளில் விவாதித்துவரும் கேள்வி இது. மாத்தளை மாவட்டத்தில் இதற்குத் தனி அவசரம் உண்டு. சிகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகைக்கோயில் 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. வீதி வழியே இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம்தான். அந்தத் தூரத்துக்குள்தான் விடுதிகள் நெருங்கி வளர்கின்றன.

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கொண்டது. அது வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 சதுர மீற்றர், அதாவது ஒரு வாகனத்துக்கு ஒரு பேர்ச் காணி. நாற்பது வாகனங்களுக்குக் கால் ஏக்கர் வேண்டும். சுற்றுலா பஸ்கள் வந்தால் அதுவும் போதாது. 12 மீற்றர் நீளமான பஸ் ஒன்று வளைந்து திரும்பவே பெரிய முற்றம் வேண்டும். நடுத்தர விடுதி ஒன்றில் விருந்தினருக்கான எந்த மண்டபத்தையும்விடப் பெரிய பரப்பு தரிப்பிடமாகத்தான் இருக்கும். காட்டையும் பாறையையும் பார்க்க வருகிறவர் வாகனத்திலிருந்து இறங்கி முதலில் கால் வைப்பதும் அங்கேதான்.

பொருந்த வேண்டும் என்போரின் வாதத்தில் உண்மை இருக்கிறது. வருகை என்பதும் அனுபவத்தின் ஒரு பகுதி. கொதிக்கும் தாரில் வரிசை வரிசையாக வெள்ளை வான்கள் நிற்க, அவற்றின் நடுவே நடந்துபோய் ‘புராதன கிராமம்’ ஒன்றுக்குள் நுழைகிறவர் அந்தக் கிராமத்தை நம்பமாட்டார். ஆகவே தரிப்பிடத்துக்கும் ஓலைக்கூரை போடு, சுவரில் கல் ஒட்டு, வாயிலில் தோரணம் கட்டு என்கிறார்கள் அவர்கள். மறுப்போர், தரிப்பிடம் ஒரு பயன்பாட்டு இடம், அதற்கு வேடம் கட்டினால் செலவும் பொய்யும்தான் மிஞ்சும் என்கிறார்கள். மறைத்துவிட்டால் போதும் என்பது மூன்றாவது கட்சி. நான் முதல் கட்சியின் கவலையை ஏற்கிறேன். அவர்கள் சொல்லும் மருந்தை ஏற்கவில்லை. தரிப்பிடம் சுற்றுப்புறத்தோடு பொருந்தியே ஆக வேண்டும். சுற்றுப்புறம் என்றால் இங்கே வெயில், மரம், குளத்துக்கு ஓடும் நீர், மேலிருந்து பார்க்கும் கண், அந்த இடத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கும் மனிதர்கள். விடுதி தனக்கென்று புனைந்துகொண்ட கதை அந்தச் சுற்றுப்புறத்தில் சேராது.

கதை சொல்லும் பொழுதுபோக்கு இடங்களுக்கெல்லாம் முன்னோடி கலிபோர்னியாவின் அனாஹைமில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து. அங்கே பூங்காவைச் சுற்றி ஒரு மண்மேடு எழுப்பி, அதன்மேல் சிறு ரயில் ஓடவிட்டார்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் தெரியக்கூடாது என்பது நோக்கம். தரிப்பிடம் அந்த மண்மேட்டுக்கு வெளியே, திறந்த தார்வெளியாக விடப்பட்டது. பின்னாளில் அந்த வெளியிலேயே இரண்டாவது பூங்கா ஒன்று எழுந்து 2001இல் திறக்கப்பட்டது. இழந்த இடத்துக்கு ஈடாக 2000ஆம் ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு அடுக்குமாடித் தரிப்பிடம் கட்டினார்கள். அதற்குக் கோட்டை முகமோ கோபுரமோ வைக்கவில்லை. மாடிகளுக்கு மிக்கி, மினி, கூஃபி, டொனால்ட் என்று பெயரிட்டார்கள். வாகனத்தை எங்கே விட்டோம் என்பது குழந்தைக்கும் நினைவிருக்கும். மற்றபடி அது நேர்மையான கொங்கிறீற் கட்டடம். அங்கிருந்து ட்ராம் வண்டியில் ஏறி வாயிலுக்குப் போய் இறங்கிய பிறகே கதை தொடங்குகிறது. வேடம் கட்டுவதில் உலகத்தையே மிஞ்சிய நிறுவனம் வாகனக் கட்டடத்துக்கு வேடம் கட்டாமல் விட்டதை, நம் விடுதிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

வேடம் கட்டிய தரிப்பிடங்களும் உண்டு, அவற்றில் சில அழகானவையும்கூட. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பொது நூலகத்தின் தரிப்பிடக் கட்டடம் ஒரு பக்கச் சுவர் முழுவதும் 22 பிரம்மாண்டமான புத்தக முதுகுகளைக் கொண்டது. நகரத் தெரு ஒன்றில், நூலகத்துக்குப் பக்கத்தில் அது மகிழ்ச்சி தருகிறது. யாரும் அதை உண்மையான புத்தகம் என்று ஏமாறப்போவதில்லை. இதற்கு நேரெதிர்த் திசையில் போனது மியாமி பீச்சில் 2010இல் முடிந்த 1111 லிங்கன் ரோட் கட்டடம். ஹெர்சோக், டி மியூரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் சுவரே இல்லாமல் தூண்களையும் தளங்களையும் மட்டும் வைத்து அதை எழுப்பினார்கள். மாலையில் அங்கே விருந்துகளும் திருமணங்களும் நடக்கின்றன. 1972இல் வெளிவந்த ‘லாஸ் வேகாஸிடமிருந்து கற்றல்’ என்ற நூலில் ரொபர்ட் வென்சூரியும் அவருடைய துணை ஆசிரியர்களும் கட்டடங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவகைக் கட்டடம் தானே ஓர் உருவமாகிவிடும். வாத்து வடிவில் கட்டிய வாத்துக்கடை போல. இன்னொன்று சாதாரணக் கொட்டகை, அதன்மேல் அலங்காரம். அமெரிக்கப் பல்பொருள் அங்காடியின் தரிப்பிடத்தை வெர்சாய் அரண்மனைப் பூங்காவின் பெருவெளிக்கு வாரிசு என்றும் அவர்கள் எழுதினார்கள். வெர்சாய்க்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அப்படியொரு பெருவெளி சிகிரியாவின் மேற்கு வாயிலில் வகுக்கப்பட்டிருந்தது என்பதை ஒரு மாத்தளை வாசகர் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சிகிரியாவை வைத்தே இந்தக் கேள்வியை யோசிப்பது நல்லது. பாறை சமவெளியிலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் எழுகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் அதன் உச்சியில் மாளிகை அமைத்தான். இன்று அங்கே ஏறுகிறவர்கள் செய்வது ஒன்றே: சுற்றிலும் திரும்பித் திரும்பிக் கீழே பார்ப்பார்கள். பக்கத்துப் பிதுரங்கலையில் ஏறினாலும் அதேதான். ஆகவே இந்தப் பகுதியில் எந்தக் கட்டடத்துக்கும் முகம் என்பது கூரை. தரிப்பிடத்தின் சுவரில் செங்கல் பதித்தாலும், செதுக்கிய மரத்தூண் நிறுத்தினாலும், உச்சியில் நிற்பவருக்கு அவை தெரியப்போவதில்லை. அவருக்குத் தெரிவது வெயிலில் பளபளக்கும் தகரக்கூரையும், மரமில்லாத சாம்பல் நிறச் சதுரமும், வரிசையாக மின்னும் வாகனக் கண்ணாடிகளும். பச்சைக் காட்டுக்கு நடுவே அந்த ஒளி கண்ணைக் குத்தும். முகப்பை எப்படி அலங்கரிப்பது என்று மட்டும் யோசிக்கும் வடிவமைப்பாளர் இந்த நிலத்தில் தவறான பக்கத்தை வரைந்துகொண்டிருக்கிறார்.

வேடம் கட்டிய கட்டடம் சிகிரியாவுக்குப் புதிதில்லையே என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். பாறையின் வடபக்க மேடையில் இருக்கும் இரண்டு பெரும் பாதங்கள் அங்கே செங்கல்லாலும் சாந்தாலும் ஒரு முழுச் சிங்கமே எழுப்பப்பட்டிருந்ததைக் காட்டுகின்றன. மாளிகைக்கு ஏறும் படி அந்தச் சிங்கத்தின் ஊடாகவே போயிற்று. வென்சூரியின் கணக்கில் அது கலப்பற்ற ‘வாத்து’. ஆனால் காசியப்பனின் ஆட்கள் அதை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். அகழி, நீர்ப்பூங்கா, பாறைத்தோட்டம், படித்தளங்கள், ஓவியங்கள், கண்ணாடிச் சுவர் எல்லாம் கடந்த பிறகு, உச்சிக்குப் போகும் கடைசி வாயிலில். ஒரே ஒரு சிங்கம். வாயிற்கோட்டைக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று என்று சிறு சிங்கங்களை அவர்கள் வழிநெடுக இறைக்கவில்லை. தரிப்பிடத்திலேயே சிங்கப்பாதம் வைத்துவிட்டால், விருந்தினர் உண்மையான பாதத்தைக் காணும்போது அது இரண்டாம் முறை பார்க்கும் பொருளாகிவிடும்.

அதே தலத்தில் பாறைத்தோட்டத்தையும் நின்று பார்க்க வேண்டும். பெரும் உருண்டைப் பாறைகள் இயற்கையாகக் கிடந்தபடியே கிடக்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் அவற்றின் உடம்பெல்லாம் வெட்டுகள்: படிபோல் அடுக்கடுக்காகச் செதுக்கிய பள்ளங்கள், சதுரக் குழிகள், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை விளிம்பில் கீறிய தாழ்வாரக் கோடு. பள்ளங்கள் செங்கற்சுவர் வந்து உட்காருவதற்கு. குழிகள் மரத்தூண் நாட்டுவதற்கு. அந்தச் சுவர்களும் மரமும் போய்விட்டன, அவை பாறையோடு சேர்ந்த இடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தத் தச்சர்களும் கொத்தர்களும் செங்கல்லைச் செங்கல்லாகவும் மரத்தை மரமாகவும் விட்டார்கள். இரண்டும் பாறையோடு சேரும் மூட்டில்தான் தங்கள் திறமையைக் காட்டினார்கள். பொருந்துதல் என்பதற்கு இந்த மாவட்டத்தில் கிடைக்கும் மிகப் பழைய பாடம் அது.

மிகப் புதிய பாடம் கண்டலமவில் இருக்கிறது. எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் சிகிரியாவுக்கு அருகே ஒரு ஹோட்டல் கட்ட எண்ணிக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவை அழைத்தது. பாறைக்கு அருகே கட்டுவதைப் பாவா விரும்பவில்லை. கண்டலமக் குளத்தின் எதிர்க்கரையில், சிகிரியா தொலைவில் தெரியும் ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தார். பாறையைப் பார்க்க வேண்டுமானால் பாறையிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற எளிய புரிதல் அது. அதற்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பௌத்த பிக்குகளும் சுற்றாடல் ஆர்வலர்களும் ஊர்மக்களும் குளம் மாசுபடும், காடு அழியும், புனிதச் சூழல் கெடும் என்று போராடினார்கள். அவர்களில் யாரும் கட்டடத்தின் முகம் பழைய சிங்கள பாணியில் இருக்கிறதா என்பதை முதற் கேள்வியாக வைக்கவில்லை. கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டார்கள். சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பது என் கருத்து.

1994இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டல் 152 அறைகளோடு சரிவின் வளைவைத் தழுவி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கட்டமைப்பு என்று பார்த்தால் அது கொங்கிறீற் தூண்களும் தட்டைத் தளங்களும்தான். ஓட்டுக்கூரை இல்லை, செதுக்குத் தூண் இல்லை, சிகிரியாவைப் பார்த்தெழுதிய அலங்காரம் எதுவும் இல்லை. கட்டடம் தூண்மேல் தூக்கி நிறுத்தப்பட்டதால் மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அடியால் ஓடிப்போகிறது, விலங்குகளும் போகின்றன. தட்டைக் கூரைகளில் மண்ணிட்டுச் செடி வளர்த்தார்கள். வெளிப்பக்க மரச்சட்டங்களில் கொடி படரவிட்டார்கள். நடைக்கூடத்தில் குறுக்கே வந்த பாறையை வெடிவைத்துத் தகர்க்காமல் உள்ளேயே விட்டார்கள். வாகனம் குளத்தைக் காட்டாமல் மலையின் பின்பக்கமாக ஏறிவந்து நிற்கிறது. இறங்கிக் குகைபோன்ற ஒரு வழியால் நடந்து திரும்பிய பிறகுதான் குளமும் அதற்கப்பால் சிகிரியாவும் விரிகின்றன. அமெரிக்காவுக்கு வெளியே லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழை முதலில் பெற்ற ஹோட்டல் என்ற பெயரும் அதற்கு உண்டு.

இந்த விவரங்களை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூண், தளம், திறந்த பக்கம், தட்டைக் கூரை: இவை அடுக்குமாடித் தரிப்பிடம் ஒன்றின் உறுப்புகளும்தான். மாத்தளையில் ஒரு வாகன மாடி கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை என்றாவது வந்தால், அதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கண்டலம ஹோட்டலின் எலும்புக்கூடே போதும். சரிவில் ஒதுங்கி, மரவுச்சிக்குக் கீழே நின்று, கொடியும் செடியும் மூட விட்டுவிட்டால், இருபது ஆண்டில் அதைத் தேடித்தான் காண வேண்டியிருக்கும். பாறை போல வர்ணம் பூசிய மாடி இருபது ஆண்டில் எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் சான்று தேடி அலைய வேண்டாம். சுற்றுலாத் தலங்களின் ஓரத்தில் மரக்குற்றி போல வார்த்த கொங்கிறீற் கைப்பிடிகளும் இருக்கைகளும் நாடெங்கும் நிற்கின்றன. புதிதாக இருக்கும்போது பட்டையின் கோடுகள்கூடக் கையால் கீறப்பட்டு, தவிட்டு நிற வர்ணத்தோடு பார்க்க நன்றாகவே இருக்கும். சில மழைக்காலம் போனதும் கை படும் மேல்விளிம்பில் வர்ணம் உரிந்து சாம்பல் நிறம் தெரியும். வெட்டிய மரத்தின் வளையங்கள் போல முனையில் வரைந்த வட்டங்கள் அழியும். பிறகு ஒரு மூலை உடைந்து உள்ளிருந்து துருப்பிடித்த கம்பி எட்டிப்பார்க்கும். உண்மை மரமென்றால் வயதாகும்போது அதற்கொரு நிறம் வரும். உண்மைக் கொங்கிறீற் என்றால் பாசி படிந்து பாறையோடு ஒன்றிப்போகும். இரண்டுங்கெட்டான் பொருளுக்கு அந்த வழி இல்லை. மறுபடி மறுபடி வர்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள் அரிது.

ஏ9 வீதியில் மாத்தளை நகரைத் தாண்டி பலாபத்வல பக்கமாகப் போகும்போது வரும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இந்த விடயத்தில் தனி வகை. அவை பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். ஓலையோ புல்லோ வேய்ந்த கொட்டில்கள், கறுவா, ஏலம், மிளகு, கொக்கோ, வனிலா. முன்பக்கம் பஸ் திரும்பக்கூடிய முற்றம். அந்த முற்றம் வீதியிலேயே இருப்பதால் அதை ஒளிக்க இடமில்லை, ஒளிக்கத் தேவையும் இல்லை. பலா, பாக்கு, தென்னை நிழலில் வாகனம் நிற்கும் முற்றம் மாத்தளை வீட்டு வளவு ஒன்றின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. கொங்கிறீற் இட்டு மரத்தைத் தறித்த முற்றங்கள்தான் அந்நியமாக நிற்கின்றன.

சிகிரியாவுக்கு அருகே 2006இல் திறக்கப்பட்ட ஜெட்விங் வில் உயன வேறொரு வழியைக் காட்டியது. கைவிடப்பட்ட சேனை நிலத்தில் சுனேலா ஜயவர்த்தனவின் வடிவமைப்பில் குளமும் சதுப்பும் வயலும் புதிதாக உருவாக்கப்பட்டன. இதுவும் கருப்பொருள் விடுதிதான், ஆனால் கருப்பொருளே ஓர் ஈரநிலம். பறவைகளும் தேவாங்கும் வந்து அதை ஏற்றுக்கொண்டன. இத்தகைய இடத்தில் வாகனத்தை வெளிவிளிம்பில் நிறுத்திவிட்டு, உள்ளே சிறு மின்வண்டியிலோ நடந்தோ போவது இயல்பான ஒழுங்கு. தூரமே அங்கே சுவரின் வேலையைச் செய்துவிடுகிறது.

அடுக்குமாடித் தரிப்பிடம் இந்தப் பகுதிக்குத் தேவைதானா என்பதையும் நேராகக் கேட்டுவிட வேண்டும். நகர நடுவில் காணி விலை ஏறும்போது மேல்நோக்கிக் கட்டுவது கட்டாயமாகிறது. சிகிரியாவில் அந்த நெருக்கடி இல்லை. மாடிக்குள் சுற்றுலா பஸ் ஏறாது. நம் நாட்டில் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றித் திரியும் உயர்கூரை கே.டி.எச். வான் ஏறக்குறைய 2.3 மீற்றர் உயரம். அதன் கூரையில் பயணப்பெட்டி கட்டியிருந்தால் அதற்கும் மேலே. சாதாரணமாகக் கார்களுக்கென்று கட்டும் மாடிகளின் உயரம் அதற்குப் போதாது. தளத்தை உயர்த்தினால் சரிவுப்பாதை நீளும், கட்டடம் மரவுச்சிக்கு மேலே போகும், செலவு பன்மடங்காகும். பண்டிகை விடுமுறை நாள்களில் நிரம்பி மற்ற நாள்களில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு தேவைக்கு அப்படியொரு கட்டடம் பொருந்தாது.

ஆக்ராவில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். தாஜ்மகாலின் கிழக்கு வாயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் எழுந்துகொண்டிருந்த அடுக்குமாடித் தரிப்பிடத்தை இடிக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஒக்டோபரில் உத்தரவிட்டது. சில நாள்களில் இருந்த நிலை தொடரட்டும் என்று அந்த உத்தரவு நிறுத்தப்பட்டது. அந்த வழக்கில் கட்டடத்துக்குப் பளிங்கு முகம் உண்டா, குவிமாடம் உண்டா என்பது பிரச்சினையாக இருக்கவில்லை. காற்றும் சூழலும் கெடாமல் அப்பகுதியை எப்படி நடத்தப்போகிறீர்கள் என்றுதான் அரசைக் கேட்டார்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் 2013இல் இன்னும் துணிந்தார்கள். கற்களுக்குப் பக்கத்தால் ஓடிய வீதியை மூடி, வரவேற்பு நிலையத்தையும் தரிப்பிடத்தையும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் தள்ளி வைத்து, பழைய வீதியில் புல் வளர்த்தார்கள். பயணிகள் சிறு பஸ்ஸில் போகிறார்கள் அல்லது நடக்கிறார்கள். சபரிமலைக்குப் போய்வந்த நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. 2018 வெள்ளத்தில் மலையடிவாரத்துப் பம்பை சிதைந்த பிறகு வாகனங்கள் நிலக்கல்லில் நின்றன, அங்கிருந்து அரச பஸ் பக்தர்களை ஏற்றிச் சென்றது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் ஓடுவதில்லை. அதனால் யாருடைய பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி, இந்த விவாதங்களில் வழக்கமாக விடுபட்டுப் போகிற மனிதர்களிடம் வருகிறேன். விருந்தினர் தரிப்பிடத்தில் இருப்பது இரண்டு நிமிடம். சாரதி இருப்பது மூன்று மணிநேரம். இலங்கைக்கு வரும் பயணிகளில் பெரும்பகுதியினர் சாரதியோடு கூடிய வாடகை வாகனத்தில்தான் சுற்றுகிறார்கள். சிகிரியாவில் மேற்கு வாயிலில் பயணியை இறக்கிவிட்டு, தெற்குப் பக்கம் இறங்கும் வழிக்கு வந்து காத்திருப்பதே சாரதிகளின் வழக்கம். ஏப்ரல் வெயிலில் வாகனத்துக்குள் இருக்க முடியாது. குளிரூட்டியை ஓடவிட்டால் எரிபொருள் போகும், புகை வரும். மரம் இருந்தால் அதன் கீழ் நிற்பார்கள். மரம் இல்லாவிட்டால் பஸ்ஸின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கைகால் கழுவத் தண்ணீர், ஒதுங்கக் கழிவறை, சாய்ந்து படுக்க ஒரு திண்ணை, ஒரு தேநீர்: தரிப்பிடம் யாருடைய இடமோ அவருக்குத் தேவையானவை இவைதான். முகப்பில் ஓலைவேய்ந்து உள்ளே இவற்றில் ஒன்றுகூட இல்லாத தரிப்பிடத்தை, சுற்றுப்புறத்தோடு பொருந்தியது என்று என்னால் சொல்ல முடியாது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் ஒரே இடத்தில் அமைந்திருக்கும். மனிதருக்கு நிழல், குடிக்க நீர், தலைச்சுமையை யார் உதவியுமின்றி இறக்கி ஏற்ற ஒரு கல், மாடு உடம்பை உரசிக்கொள்ள இன்னொரு கல். வண்டியும் மாடும் ஆளும் இளைப்பாறும் இடத்துக்கு அதைவிட நிறைவான வரைபடம் கிடைக்காது. மாத்தளைக்கு இது வெறும் பழம்பெருமை அல்ல. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டின் ஊடாகத் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நிழலும் நீரும் இல்லாத வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் எண்ணற்றோர் மாண்டார்கள். பிற்காலத்தில் அந்த வழியில் கிணறும் தங்குகொட்டிலும் வந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கி எழுந்த சமூகத்தின் தொடக்கமே அந்த நடைதான். இன்று அதே வழியில் குளிரூட்டிய பஸ் ஓடுகிறது. காத்திருப்பவருக்கு நிழல் கேட்பது இந்த மண்ணின் வரலாற்றையும் சேர்த்துக் கேட்பது.

வாகனத்துக்கென்று வீடு கட்டுவதும் நமக்குப் பழகியதே. தேர்முட்டியைப் பாருங்கள். தேர் உச்சி முதல் அச்சு வரை சிற்பம். அதை வைக்கும் முட்டியோ பெரும்பாலும் உயர்ந்த வெறுஞ்சுவர், தேரின் உயரத்துக்கு அளந்த வாசல், சுவாமி ஏறவும் இறங்கவும் படிக்கட்டு, அவ்வளவே. அது தேரைப்போல் வேடம் பூணுவதில்லை, ஆனால் வீதியில் நிற்க வேண்டிய இடத்தில், நோக்க வேண்டிய திசையை நோக்கி நிற்கிறது. ஊரில் யாரும் அது பொருந்தவில்லை என்று சொன்னதில்லை.

பிறகு நீர். கால் ஏக்கர் தரிப்பிடத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் நீர் இறங்கும். வடகீழ்ப் பருவத்தில் அப்படிப் பெய்யும் நாள்கள் வரத்தான் செய்யும். நிலம் முழுவதையும் தாராலோ நெருக்கமாகப் பதித்த இன்டர்லொக் கற்களாலோ மூடிவிட்டால், அவ்வளவு நீரும் கசிந்த எண்ணெயையும் டயர்த் துகளையும் அள்ளிக்கொண்டு வாய்க்காலுக்கும், அங்கிருந்து குளத்துக்கும் போகும். சரளைக்கல்லும், புல் முளைக்க இடைவெளி விட்ட கற்களும், நடுவே ஒரு தாழ்ந்த புல்வாய்க்காலும் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே ஊறும். எண்ணெய் பிடிக்கும் தொட்டி பெரிய செலவில்லை. மருது, புளி, வேம்பு, பாலை, வீரை போன்ற உலர்வலய மரங்களை நாலைந்து வாகனத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நட்டால் பத்து, பதினைந்து ஆண்டில் கூரை தேவைப்படாது. சூரிய மின்தகடுகளைக் கூரையாகப் போட்டு நிழலும் மின்சாரமும் எடுக்கலாம் என்ற யோசனை இப்போது பரவுகிறது. தம்புள்ளை நகரில் அதை வரவேற்பேன். சிகிரியா உச்சியிலிருந்து தெரியும் எல்லைக்குள் அது வேண்டாம். அங்கே மரமே கூரையாக இருக்கட்டும்.

நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும், அவற்றின் இடத்தில் 2021இல் வந்தவையும், கட்டடத்தின் பயனையும் பரப்பையும் வைத்து எத்தனை வாகனத்துக்கு இடம் வேண்டும் என்று அட்டவணை தருகின்றன. வீதியில் வாகனம் குவியாமல் இருக்க அந்த எண்ணிக்கை அவசியம். ஆனால் மரபுரிமைத் தலத்தைச் சூழ்ந்த நிலத்தில் ஒவ்வொரு விடுதியும் தன் எண்ணிக்கையைத் தன் வளவுக்குள்ளேயே நிறைவேற்றினால், காட்டுக்குள் நூறு சிறு தார்ச்சதுரங்கள் உண்டாகும். தனித்தனியாக எவ்வளவு அழகாக வேடம் கட்டினாலும் மொத்தத்தில் காடு ஓட்டைபோட்ட சல்லடையாகிவிடும். தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், தம்புள்ளைப் பிரதேச நிர்வாகம் ஆகியவை கூடி விடுதிகளுக்குப் பொதுவான தரிப்பிடங்களை அனுமதிப்பதே தகும். ஒரு விடுதி தன் பங்கைப் பணமாகச் செலுத்திப் பொதுத் தரிப்பிடத்தில் இடம் பெறலாம்.

திருகோணமலை வீதியிலிருந்து சிகிரியாவுக்குத் திரும்பும் இனாமலுவச் சந்தி அப்படியொரு பொதுத் தரிப்பிடத்துக்கு இயல்பான இடம். அங்கிருந்து பாறை பத்துக் கிலோமீற்றர். பெரிய பஸ்களை அங்கேயே நிறுத்திவிட்டு மின்சாரச் சிற்றூர்திகளில் பயணிகளை ஏற்றிப்போனால், மாலையில் யானை கடக்கும் அந்த வீதியில் வாகன நெருக்கமும் குறையும். குறுக்கே நிற்பது ஒரு பெரிய பிரச்சினை. சிகிரியாவின் இறங்குவழித் தரிப்பிடத்தை நம்பி இளநீர், மரச்செதுக்கல், பிரம்புப் பொருள், துணி விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வான் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவர்களுடைய வியாபாரம். தரிப்பிடத்தை நகர்த்துகிற எந்தத் திட்டமும் புதிய இடத்தின் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது அவர்களுடைய கடைகளை. அதற்கடுத்து சாரதிகளின் திண்ணையை. மரங்களின் இடத்தை அதோடு சேர்த்து. வாகனங்களுக்கான கோடுகளை எஞ்சிய நிலத்தில் போட்டுக்கொள்ளலாம்.